பாடம் நடத்தாத கோச்: மசாதோ யோஷீ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த மசாதோ யோஷீ?

ஜப்பானிலும் அமெரிக்காவிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் பந்தெறிந்த பேஸ்பால் பிட்சர். 42 வயதில் ஓய்வு பெற்று பிட்சிங் கோச் ஆனவர். கடைசியாக சிபா லொத்தே மரீன்ஸ் அணிக்கு 2023 முதல் 2025 வரை மேனேஜராக, அதாவது தலைமைக் கோச்சாக, இருந்தார். பின்னால் அமெரிக்கா போன நட்சத்திர பிட்சர்கள் யூ தர்விஷ், ஷோஹே ஒதானி, ரோகி சசாகி ஆகிய மூன்று பேரும் அவரவர் ஜப்பானிய அணியில் இருந்த காலத்தில் இவர் கோச்சாக இருந்திருக்கிறார். 2023 உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில் கோப்பை வென்ற ஜப்பான் அணியின் பிட்சிங் கோச்சும் இவர்தான்.

இவ்வளவு இருந்தும் ஜப்பானுக்கு வெளியே பெயர் அதிகம் தெரியாது. சுற்றி இருந்தவர்களின் வெளிச்சம் அப்படி.

எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். மேலே படிக்கலாமா?

தாராளமாக. மூன்று விஷயம் போதும். பேஸ்பாலில் ஓவர் மாறுவது கிடையாது. ஒரு பிட்சர் (நம் பௌலர்) இறங்கினால், அவரை மாற்றும்வரை எல்லாப் பந்தையும் அவரே எறிவார். மாற்றிவிட்டால் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. ஆட்டத்தைத் தொடங்குபவர் ஸ்டார்ட்டர். ஜப்பானில் அவருக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் வேலை. நடுவில் வருபவர்கள் ரிலீவர்கள். அவர்களில் முன்னிலையைக் காப்பாற்றக் கடைசியில் வருபவர் க்ளோஸர்; காப்பாற்றிவிட்டால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்'. ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரு அணியும் ஒருமுறை பேட் செய்யும். அந்த 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக, ஃபீல்டிங் தவறால் போனவை தவிர்த்து, எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்பதே ஈ.ஆர்.ஏ. நம் எகானமி ரேட் மாதிரி, குறைவாக இருந்தால் நல்லது.

எங்கிருந்து வந்தவர்?

1965 ஏப்ரல் 20-இல் வகயாமா மாநிலத்தில் பிறந்தார். ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பெயர்போன அரிதா வட்டாரம். படித்தது மினோஷிமா உயர்நிலைப் பள்ளி. ஊர் சின்னது, பேஸ்பாலில் பெயர் பெரியது: 1979-இல் கோஷியென் தேசியப் பள்ளிப் போட்டியை வசந்தம், கோடை இரண்டிலும் ஒரே ஆண்டில் வென்ற பள்ளி அது. 1983 ட்ராஃப்ட்டில் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஒசாகா பக்கத்து கின்டெட்சு பஃபலோஸ் அணி இரண்டாவது சுற்றில் யோஷீயை எடுத்தது. முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் இரண்டாம் அணியில்தான் கழிந்தன.

1988 அக்டோபர் 19 பற்றி ஜப்பானியர்கள் இன்னும் ஏன் பேசுகிறார்கள்? அதில் யோஷீக்கு என்ன பங்கு?

அந்த ஆண்டுதான் யோஷீ க்ளோஸராக வெளிச்சத்துக்கு வந்தார். வயது 23. 10 வெற்றி, 2 தோல்வி, 24 சேவ். பசிபிக் லீகின் சிறந்த ரிலீவர் விருது. கின்டெட்சுவும் செய்பு லயன்ஸும் லீக் பட்டத்துக்குக் கடைசி நாள்வரை மோதின. கின்டெட்சுவுக்கு மிச்சம் இருந்தவை இரண்டே ஆட்டங்கள். இரண்டும் ஒரே நாளில், கவாசாகி மைதானத்தில், லொத்தே ஓரியன்ஸுக்கு (இன்றைய மரீன்ஸ்) எதிராக. இரண்டையும் வென்றால் பட்டம். ஒன்று டிரா ஆனாலும் போச்சு.

முதல் ஆட்டம் 4–3 என்று கின்டெட்சுவுக்கு. அதன் 9-ஆவது இன்னிங்ஸில் யோஷீ எதிரணியின் முதல் ஆட்டக்காரருக்கு வாக் (அடிக்கத் தோதில்லாத நான்கு பந்து எறிந்தால் கிடைக்கும் இலவச பேஸ்) கொடுத்துவிட்டு, நடுவரின் தீர்ப்பை ஏற்க முடியாமல் கொதித்தார். உடனே அவரை வெளியே எடுத்துவிட்டு வேறொருவரை அனுப்பித்தான் அந்த வெற்றியைப் பிடித்தார்கள். இளம் யோஷீயின் குணம் தெரிய இந்த ஒரு காட்சி போதும்.

இரண்டாவது ஆட்டம் 4–4 என்று இழுத்துக்கொண்டே போனது. நான்கு மணி நேரம் கடந்தபின் புதிய இன்னிங்ஸ் தொடங்கக்கூடாது என்பது அன்றைய விதி. 10-ஆவது இன்னிங்ஸில் கின்டெட்சுவின் பேட்டிங் ரன் இல்லாமல் முடிந்தபோது, இனி வெல்லவே முடியாது என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் லொத்தேயின் பேட்டிங் பாக்கி இருக்கிறதே! பட்டம் கைநழுவியது தெரிந்தும் கின்டெட்சு வீரர்கள் போய் ஃபீல்டிங் செய்தார்கள். டிரா. செய்புவுக்கு 73 வெற்றி, கின்டெட்சுவுக்கு 74; ஆனாலும் டிராக்களைக் கழித்த வெற்றி விகிதத்தில் .589-க்கு .587 என்று பட்டம் செய்புவுக்குப் போனது. விகிதாசாரக் கணக்கின் மேல் எனக்கு அன்றிலிருந்தே கோபம் உண்டு. நான் எந்த அணிக்கும் ரசிகன் இல்லை என்றாலும்.

மறு ஆண்டு கின்டெட்சு பட்டத்தை வென்றது. அதற்குப் பிறகு ஜப்பான் சீரிஸில் (இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடர்) டோக்கியோவின் ஜயன்ட்ஸுக்கு எதிராக முதல் மூன்றையும் வென்று, அடுத்த நான்கையும் தோற்றது தனிக் கதை.

அப்போது அவருக்கு கோச் யார்?

ஹிரோஷி கோன்டோ. யோஷீயைப் புரிந்துகொள்ள இவரைத் தெரிந்துகொள்வது அவசியம்.

1961-இல் சுனிச்சி டிராகன்ஸுக்காகத் தன் முதல் சீசனிலேயே 35 வெற்றி எடுத்தவர் கோன்டோ. 69 ஆட்டம், 429 இன்னிங்ஸுக்கு மேல். இன்றைய ஸ்டார்ட்டர்கள் மூன்று சீசனில் எறிவதை அவர் ஒரே சீசனில் எறிந்தார். 'கோன்டோ, கோன்டோ, மழை, கோன்டோ' என்று ரசிகர்கள் கேலியாகச் சொல்லும் அளவுக்கு. மழை பெய்தால்தான் அவருக்கு லீவு. அடுத்த ஆண்டு 30 வெற்றி. அதற்குப் பிறகு தோள் போய்விட்டது. மொத்தம் 82 வெற்றியோடு அவர் கணக்கு முடிந்தது.

அப்படிப் பிழியப்பட்ட மனிதர் கோச் ஆனபோது, பிட்சரின் கையைக் காப்பதும் தேவையில்லாமல் அவன் பந்தில் தலையிடாமல் இருப்பதுமே தன் வேலை என்று எடுத்துக்கொண்டார். இதற்காக மேனேஜர் அகிரா ஓகியோடு மோதவும் செய்தார். கின்டெட்சுவில் அவர் இருந்தது 1988, 1989 இரண்டே ஆண்டுதான். பின்னாளில் யோஷீ செய்த பலவற்றுக்கும் விதை அங்கே இருக்கிறது.

கின்டெட்சுவை விட்டு ஏன் போனார்?

1993-இல் கெய்ஷி சுசுகி மேனேஜராக வந்தார். 317 வெற்றி எடுத்த பெரிய பிட்சர். 'எறிந்து எறிந்துதான் கை உறுதியாகும்' என்ற பழைய நம்பிக்கைக்காரர். 1994 ஜூலையில் ஒரு ஆட்டத்தில் அணியின் நட்சத்திர பிட்சர் ஹிடியோ நோமோ 16 வாக் கொடுத்தும் மாற்றப்படாமல் 191 பந்து எறிந்து முடித்தார் என்றால் அந்தக் காலத்து மனநிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நோமோவுக்கும் மேனேஜருக்கும் ஒத்துவரவில்லை, யோஷீக்கும் ஒத்துவரவில்லை. நோமோ 1995-இல் அமெரிக்கா போனார். அதே ஆண்டு சீசன் தொடங்குமுன் யோஷீ டிரேடில் டோக்கியோவின் யாகுல்ட் ஸ்வாலோஸுக்குப் போனார்.

யாகுல்ட்டில் எப்படி?

அவருடைய சிறந்த காலம். மேனேஜர் கட்சுயா நோமுரா, கேட்சர் அட்சுயா ஃபுருதா. பேட்ஸ்மேனின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று யோசித்தே விளையாடும் அணி. யோஷீ இங்கே ஸ்டார்ட்டர். 1995, 1996 இரண்டிலும் 10 வெற்றி, 1997-இல் 13. 1995-லும் 1997-லும் யாகுல்ட் ஜப்பான் சீரிஸ் வென்றது. கடைசி நொடியில் கீழே விழும் ஃபோர்க் பாலோடு, வலக்கை பேட்ஸ்மேன் பக்கமாக உள்ளே ஓடும் 'ஷூட்டோ' பந்தும் கைகொடுத்தது.

அமெரிக்கா போன முதல் ஜப்பானிய பிட்சர் நோமோதானே? யோஷீயை எதற்கு 'முதல்' என்கிறார்கள்?

முதல் ஆள் நோமோவும் இல்லை; 1964-இலேயே மசானோரி முராகாமி சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு ஆடியிருக்கிறார். நோமோ போனது, ஜப்பானில் 'ஓய்வு' அறிவித்துவிட்டால் வெளிநாட்டில் ஆடத் தடையில்லை என்ற ஒப்பந்த ஓட்டையின் வழியாக. யோஷீ போனது முன்வாசல் வழியாக. ஜப்பானில் 1993-இல் ஃப்ரீ ஏஜென்ட் முறை வந்தது. குறிப்பிட்ட ஆண்டுகள் ஆடியவர் தன் அணியைத் தானே தேர்ந்தெடுக்கலாம். அந்த உரிமையைப் பயன்படுத்தி அமெரிக்காவின் மேஜர் லீகுக்குப் போன முதல் ஜப்பானிய வீரர் யோஷீ. 1997 சீசன் முடிந்ததும் நியூயார்க் மெட்ஸில் சேர்ந்தார். வயது 32.

அங்கே எப்படி ஆடினார்?

தொடக்கம் அமோகம். 1998 ஏப்ரல் 5 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 7 இன்னிங்ஸ், ரன் எதுவும் கொடுக்கவில்லை. சீசன் முடிவில் 6 வெற்றி, 8 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.93. அந்த ஆண்டு நடுவில் நோமோவும் மெட்ஸுக்கு வந்துசேர்ந்தார். பழைய கின்டெட்சு சகாக்கள் மறுபடி ஒரே உடைமாற்றும் அறையில்.

1999-இல் 12 வெற்றி, 8 தோல்வி. பிளே-ஆஃபின் முதல் ஆட்டத்தில் அரிசோனாவின் ராண்டி ஜான்சனுக்கு எதிர்முனையில் நின்று தொடங்கியவர் இவர். மெட்ஸ் 8–4 வென்றது. அடுத்த சுற்றில் அட்லாண்டாவின் கிரெக் மாடக்ஸுக்கு எதிராக இரண்டு முறை தொடங்கினார். முதலாவதில் தோல்வி. இரண்டாவது, மழையில் 15 இன்னிங்ஸ் நீண்டு மெட்ஸ் வென்ற அந்தப் புகழ்பெற்ற ஐந்தாம் ஆட்டம்.

பிறகு 2000-இல் கொலராடோ ராக்கீஸ். டென்வர் மைதானம் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிது, பந்து அடித்தால் தூரம் போகும், எறிந்தால் சரியாக வளையாது. வேகத்தை நம்பாமல் வளைவை நம்பும் பிட்சருக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. 6 வெற்றி, 15 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 5.86. அடுத்த இரண்டு ஆண்டு மான்ட்ரியல் எக்ஸ்போஸ். ஆக மேஜர் லீகில் மொத்தம் 32 வெற்றி, 47 தோல்வி.

எண்கள் சுமார்தான். அப்படியென்றால் அமெரிக்கப் பயணம் வீண்தானா?

எண்களைப் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் கோச் யோஷீ பிறந்தது அங்கேதான் என்று சொல்வேன்.

மெட்ஸ் முகாமுக்குப் போன புதிதில், ஜப்பானியப் பழக்கப்படி, கோச் ஏதாவது திருத்தம் சொல்வார் என்று காத்திருந்தார். பிட்சிங் கோச் பாப் அபோடாகா சொன்னது வேறு. உன் பந்தைப் பற்றி அதிகம் தெரிந்தவன் நீதான், எனக்கு ஒன்றும் தெரியாது, அதனால் முதலில் நீ சொல், பேசி முடிவெடுப்போம் என்ற பொருளில் பேசியிருக்கிறார். பதினான்கு ஆண்டு ஜப்பானில் ஆடி, நடுவரோடும் மேனேஜரோடும் முட்டி மோதி வந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! யோஷீ இதைப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஓய்வு எப்போது?

2003-இல் ஜப்பான் திரும்பி ஓரிக்ஸ் அணியில் சேர்ந்தார். 2004 முடிவில் கழற்றிவிட்டார்கள். 2005-இல் ஓரிக்ஸ் மேனேஜராக பழைய அகிரா ஓகியே திரும்பி வந்தார். யோஷீ புதுப்பையன்போல் தேர்வு முகாமில் எறிந்துகாட்டி ஒப்பந்தம் பெற்றார். வயது 39. அந்த ஆண்டு 6 வெற்றி, அடுத்த ஆண்டு 7. 2007-இல் லொத்தேவுக்கு மாறினார். அங்கே மேனேஜர் யார் தெரியுமா? மெட்ஸில் அவரை ஆடவைத்த அதே பாபி வாலண்டைன். அந்த ஆண்டோடு நிறுத்திக்கொண்டார். ஜப்பானில் 89 வெற்றி, 82 தோல்வி, 62 சேவ்.

கோச்சாக எந்தெந்த அணிகளில் இருந்தார்?

2008 முதல் 2012 வரை ஹொக்கைடோ நிப்பான் ஹாம் ஃபைட்டர்ஸ். 2015-இல் சாஃப்ட்பேங்க் ஹாக்ஸ். 2016 முதல் 2018 வரை மறுபடி நிப்பான் ஹாம். 2019-இலிருந்து லொத்தே. 2015-இல் ஹாக்ஸும் 2016-இல் நிப்பான் ஹாமும் ஜப்பான் சீரிஸ் வென்றன.

'கற்றுக்கொடுக்காத கோச்' என்கிறார்களே, அப்படியென்றால் என்னதான் செய்வார்?

கேள்வி கேட்பார். ஆட்டம் முடிந்த சூட்டில் அல்ல. மறுநாள், பிட்சர் தூங்கி எழுந்து மனம் ஆறிய பிறகு. நேற்று எது நன்றாக அமைந்தது, எது சரியாக வரவில்லை, அடுத்த முறை என்ன செய்யப்போகிறாய் என்ற ரீதியில். பிட்சர் பதில் சொல்லவேண்டும். 'எல்லாம் பரவாயில்லை' என்று நழுவினால் விடமாட்டார். பரவாயில்லை என்றால் எப்படி, எந்தப் பந்து என்று தோண்டுவார். ஆரம்பத்தில் இளம் பிட்சர்கள் திணறுவார்கள். பள்ளி நாளிலிருந்து மேனேஜர் கத்துவதும் பையன் 'ஹை!' என்று தொப்பியைக் கழற்றிக் குனிவதுமாக வளர்ந்தவர்களுக்குத் தன் பந்தைப் பற்றித் தானே பேசுவது புதிது.

இதில் ஒரு தந்திரமும் இருக்கிறது. பிட்சர் மேட்டின் மேல் தனியாக நிற்கிறான். ஆட்டத்தின் நடுவில் கோச் ஒவ்வொரு பந்துக்கும் ஓடிவர முடியாது. தன் தவறைத் தானே கண்டுபிடிக்கத் தெரிந்தவன்தான் அங்கே பிழைப்பான்.

எதுவுமே சொல்லமாட்டார் என்றும் நினைத்துவிட வேண்டாம். அடிப்படை தெரியாத புதியவனிடம் போய் 'நீயே யோசி' என்றால் அது சோம்பேறித்தனம். அப்படிப்பட்டவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வளர வளர விலகவேண்டும் என்பதே அவர் நிலை.

புல்பென் (ரிலீவர்கள் எறிந்து தயாராகும் இடம்) விஷயத்தில் அவர் மாற்றியது என்ன?

ஜப்பானில் 'தோளைத் தயார்செய்வது' என்றொரு வழக்கு உண்டு. ரிலீவரை எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. அதனால் மூன்றாவது இன்னிங்ஸில் ஒருமுறை புல்பென்னில் எறிந்து சூடேற்றுவார், கூப்பிடமாட்டார்கள், உட்காருவார். ஐந்தில் மறுபடி, ஏழில் மறுபடி. கடைசியில் இறங்காமலே வீட்டுக்குப் போவார். அவர் எறிந்த அத்தனை பந்தும் எந்தக் கணக்கேட்டிலும் வராது. தோளுக்கு மட்டும் தெரியும்.

ரிலீவராக இருந்த யோஷீக்கு இந்த வலி சொந்த அனுபவம். யார், எந்தச் சூழலில் இறங்குவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது, வீணாகச் சூடேற்றவைப்பதைக் குறைப்பது, தொடர்ச்சியாக மூன்று நாள் ஒரே ஆளை இறக்குவதைத் தவிர்ப்பது ஆகியவற்றை வற்புறுத்தினார். என் பார்வையில் அவருடைய மிகப்பெரிய பங்களிப்பு இதுதான், கேள்வி கேட்கும் முறைகூட இல்லை. கேள்வி கேட்பதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எண்ணப்படாத பந்துகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

நடுவில் கல்லூரிக்குப் போனாராமே?

ஆமாம். 2012-இல் நிப்பான் ஹாமை விட்ட பிறகு, 2014-இல் ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத் துறை முதுநிலைப் படிப்பில் சேர்ந்தார். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஹாக்ஸ் கோச் வேலையும் சேர்ந்துகொண்டது. இருந்தும் முடித்துப் பட்டம் வாங்கினார். மேஜர் லீகில் ஆடியவர் கோச்சிங் கற்க வகுப்பில் உட்காருவது ஜப்பானில் அபூர்வம்.

மேனேஜர் குரியாமாவோடு சண்டையா?

2012-இல் நிப்பான் ஹாம் மேனேஜராக ஹிடெகி குரியாமா வந்தார். அணி லீக் பட்டம் வென்றது. ஆனால் பிட்சர்களைக் கையாளுவதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சீசன் முடிந்ததும் யோஷீ விலகினார். இங்கே கதை முடிந்திருக்கவேண்டும். ஆனால் 2016-இல் அதே குரியாமாவின் அணிக்கே திரும்பி வந்தார். 2023 உலக பேஸ்பால் கிளாசிக்கில் தேசிய அணிக்கு மேனேஜராக இருந்த குரியாமா, பிட்சிங் கோச்சாகத் தேர்ந்ததும் யோஷீயைத்தான். தன்னோடு ஒத்துப்போகாதவரை இரண்டு முறை பக்கத்தில் வைத்துக்கொண்டதில் குரியாமாவின் பெருமையும் இருக்கிறது.

ஒதானியை உருவாக்கியது யோஷீயா?

இல்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யோஷீ திரும்பி வந்த 2016-க்கு முன்பே ஒதானி நட்சத்திரம். அந்த ஆண்டு 10 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 1.86, மட்டையால் 22 ஹோம் ரன். யோஷீ கூடவே இருந்தார், கெடுக்காமல் இருந்தார். அதுவும் ஒரு வேலைதான்.

சசாகி விஷயத்தில்?

அங்கே பங்கு பெரிது. ரோகி சசாகி பள்ளி மாணவராகவே மணிக்கு 163 கி.மீ. வேகத்தில் எறிந்தவர். 2019 ட்ராஃப்ட்டில் நான்கு அணிகள் கேட்டன. குலுக்கலில் லொத்தேவுக்குக் கிடைத்தார். 2020 முழுக்க அவரை முதல் அணியோடே கூட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் ஒரே ஒரு அதிகாரபூர்வ ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. முதல் அணியிலும் இல்லை, இரண்டாம் அணியிலும் இல்லை. அந்த வேகத்தைத் தாங்கும் உடம்பு இன்னும் வரவில்லை என்பதே காரணம். ரசிகர்கள் பொறுமை இழந்தார்கள். பிட்சிங் கோச் யோஷீ அசையவில்லை. முதல் ஆட்டம் 2021 மே மாதம்தான்.

2022 ஏப்ரல் 10. சிபா கடற்கரை மைதானத்தில் ஓரிக்ஸுக்கு எதிராக 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட். 105 பந்து, 19 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்), அதில் 13 தொடர்ச்சியாக. ஜப்பானில் 28 ஆண்டுக்குப் பிறகு வந்த பர்ஃபெக்ட் கேம். சசாகிக்கு வயது 20. அந்த நாளில் யோஷீ கோச் பெஞ்சில் இல்லை. அந்த ஆண்டு அவர் பிட்சிங் ஒருங்கிணைப்பாளர்.

ஒரு வாரம் கழித்து நிப்பான் ஹாமுக்கு எதிராக சசாகி மறுபடி 8 இன்னிங்ஸ் ஒருவரையும் பேஸுக்கு விடவில்லை. பந்து எண்ணிக்கை 102. அப்போதைய மேனேஜர் தடாஹிதோ இகுச்சி அவரை மாற்றிவிட்டார். உலகமே தலையில் கைவைத்தது. எனக்கு அது கோன்டோவின் 429 இன்னிங்ஸுக்கு அறுபது ஆண்டு கழித்து வந்த பதிலாகத் தெரிந்தது.

உலக பேஸ்பால் கிளாசிக் இறுதிப் போட்டியில் என்ன செய்தார்கள்?

2023 மார்ச், மயாமி. அமெரிக்காவுக்கு எதிராக 3–2. இமானகா, டோகோ, தகாஹாஷி, இடோ, ஓதா, தர்விஷ், ஒதானி என்று ஏழு பிட்சர்கள். முதல் இருவரும் இரண்டிரண்டு இன்னிங்ஸ், மற்ற ஐவரும் ஒவ்வொன்று. யாரையும் அதற்கு மேல் எறியவைக்கவில்லை. கடைசி அவுட் ஒதானி எறிந்து அமெரிக்க நட்சத்திரம் மைக் ட்ரௌட் வீழ்ந்தது என்பது உலகத்துக்கே தெரியும். அதற்கு முன் வந்த ஆறு பேரையும் வரிசையாகத் தயார்ப்படுத்தி அனுப்பிய புல்பென் வேலையை யாரும் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை.

மேனேஜராக வெற்றி பெற்றாரா?

ஏறி இறங்கினார். 2023-இல் லொத்தே 70 வெற்றியோடு இரண்டாமிடம். பிளே-ஆஃபில் சாஃப்ட்பேங்குக்கு எதிராக 10-ஆவது இன்னிங்ஸில் 0–3 என்று பின்தங்கியிருந்து, அதே இன்னிங்ஸில் நான்கு ரன் எடுத்து வென்ற இரவு அந்த ஆண்டுதான். 2024-இல் மூன்றாமிடம், சசாகிக்கு முதன்முறையாக 10 வெற்றி. அந்தக் குளிர்காலத்தில் சசாகி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போய்விட்டார். 2025-இல் லொத்தே ஆறாமிடம், அதாவது கடைசி. 56 வெற்றி, 84 தோல்வி. யோஷீ பதவியை விட்டார்; 2026-க்குப் புதிய மேனேஜராக சபுரோ வந்தார்.

பிட்சிங் கோச்சுக்கு ஒரு டஜன் பேரைக் கேள்வி கேட்டால் போதும். மேனேஜர் பேட்டிங் வரிசையும் எழுதவேண்டும்.